திறந்த மன்றமும் மூடிய கட்டும்

நீதிமன்றத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. எவரும் உள்ளே நுழையலாம். பின்வரிசைப் பெஞ்சியிலே அமரலாம். கறுப்பு அங்கிகள் எழுவதையும் அமர்வதையும் காணலாம். இதற்குத்தான் பகிரங்க விசாரணை என்று பெயர். வக்கீல் எழுகிறார், இத்தனையாவது கட்டு, இத்தனையாவது பக்கம் என்கிறார். நீதிபதி புரட்டுகிறார், படிக்கிறார், தலையை அசைக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் புரட்டுகிறார், படிக்கிறார், முகத்தைச் சுளிக்கிறார். ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு வந்து பின்வரிசையிலே உட்கார்ந்திருக்கிறானே பாட்டாளி, அவன் எதைப் புரட்டுவான்? எதைப் படிப்பான்? அவன் கண்ணுக்குத் தெரிவது அட்டை. அவன் காதுக்கு எட்டுவது எண். கதவு திறந்திருக்கிறது, கட்டு மூடியிருக்கிறது!

கோபுரவாசலைத் திறந்துவிட்டோம், இனி என்ன குறை என்று கேட்டுவிட்டு, கருவறையை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டவர்களை நாம் அறிவோம். ஒருவன் ஓதலாம், இன்னொருவன் காதாலும் கேட்கலாகாது என்று எழுதிவைத்த ஏடுகளையும் நாம் அறிவோம். ஆகவே, பாதி திறந்த கதவு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்திக் காட்டவேண்டியதில்லை.

நீதிமன்றப் பேச்சிலே ஒரு வேடிக்கை உண்டு. வழக்குத் தொடுத்தவனும் வழக்கை எதிர்ப்பவனும் அங்கே 'கட்சிக்காரர்கள்'. மற்றவர் அனைவரும் மூன்றாமவர். கொடி பிடித்து, சுவரொட்டி ஒட்டி, சிறை சென்று, சிந்தை கலங்காமல் நிற்கும் நம் தோழர் மேடையிலே கட்சிக்காரர். அதே தோழர் நீதிமன்றத்திலே கட்சிக்காரர் அல்லாதவர்! அந்தக் கட்சிக்காரர் அல்லாதவருக்கு, இரண்டு தரப்பும் நீதிபதியின் முன்னே வைத்து வாதாடிய காகிதங்களைப் பார்க்க உரிமை உண்டா? 'இரகசியம்' என்று ஒரு தரப்பு முத்திரை குத்திய காகிதங்களைப் பார்க்க வழி உண்டா? இதுதான் கேள்வி.

"இது வக்கீல்கள் சமாசாரம், நமக்கேன்?" என்று எண்ணவேண்டாம், தோழர்களே! இது ஆலைத் தொழிலாளியின் நெஞ்சுக்கூட்டைப் பற்றிய சமாசாரம். கட்டடக் கூலியின் மூச்சைப் பற்றிய சமாசாரம். கணவனின் சட்டையைத் துவைத்த பாவத்துக்காக நோய் வாங்கிய மனைவியைப் பற்றிய சமாசாரம். சீமையிலே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம், கேளுங்கள்.

கல்நார் தந்த காசு

கல்நார் என்றால் சிலருக்குப் புரியாது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். நம் வீட்டுக் கூரையிலே, நம் பிள்ளைகள் படிக்கும் கொட்டகையிலே வெயிலுக்குக் காய்கிறதே, அந்த ஷீட்டிலே கலந்திருப்பது. பாறைக்குள்ளே நாராகக் கிடக்கும் பொருள், நெருப்பிலே வேகாது, நீரிலே கரையாது. முதலாளிக்கு அது மந்திரப் பொருள். தொழிலாளிக்கு?

தென்னாப்பிரிக்காவின் கேப் மாநிலத்திலே நீலக் கல்நாரைத் தோண்டி எடுப்பதற்கென்று 1893ல் லண்டனிலே பிறந்தது கேப் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி. தோண்டியவன் கறுப்பன், தும்பு பிரித்தவன் வெள்ளைக்காரக் கூலி, லாபம் பிரித்தவன் லண்டன் பங்குதாரன். கிழக்கு லண்டனை அடுத்த பார்க்கிங் என்ற ஊரிலே 1913 முதல் 1968 வரை அந்தக் கம்பெனியின் ஆலை ஓடியது. யார்க்ஷயரின் ஹெப்டன் பிரிட்ஜ் பகுதியிலும் ஓர் ஆலை. வேகாத பலகை செய்தார்கள்; அந்தப் பலகையைக் கப்பலிலே பொருத்தினார்கள், கட்டடத்திலே பொருத்தினார்கள். பொருத்துவதற்கு அறுக்கவேண்டும். அறுத்தால் தூசி பறக்கும். பறந்த தூசி எங்கே போகும்? காற்றோடு போகும் என்றார்கள். அது போனது தொழிலாளியின் நெஞ்சுக்குள்ளே.

தூசி தீது என்று தெரியாத காலமா அது? 1930லேயே பிரிட்டிஷ் ஆலைப் பரிசோதகர்கள் ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டனர். 1931லே தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்துவிட்டன. 1960லே, தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்க வட்டாரத்திலே 33 பேருக்கு நுரையீரலைச் சுற்றிய உறையிலே வரும் ஓர் அபூர்வப் புற்றுநோய் கண்டிருப்பதை வாக்னர் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் எழுதி வெளியிட்டனர். மீசோதீலியோமா என்பது அந்த எமனின் பெயர். 1965லே லண்டன் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் கொடுமையான ஓர் உண்மையைக் கண்டனர். ஆலையிலே வேலை செய்தவன் மட்டுமல்ல. அவன் வீட்டிலே இருந்தவர்களும், ஆலைக்கு அரை மைலுக்குள்ளே குடியிருந்தவர்களும் அந்த நோய்க்கு இரையாகியிருந்தார்கள்!

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. இன்று தூசி குடித்தால் நாளைக்குச் சாகமாட்டான். முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு பொறுத்திருக்கும். அவன் ஓய்வு பெற்று, பேரனைத் தூக்கிக் கொஞ்சும் வயதிலே நெஞ்சைப் பிடித்து அழுத்தும். அப்போது அவன் வழக்குப் போட எண்ணுவான். ஆலை எங்கே? இடிந்து மனையாகிவிட்டது. மேஸ்திரி எங்கே? மண்ணோடு மண்ணாகிவிட்டார். உடன் உழைத்தவன் எங்கே? அவனும் இருமி இருமிச் செத்துவிட்டான். மிஞ்சுவது எது? காகிதம் ஒன்றுதான். எந்த ஆண்டிலே எந்த டைரக்டருக்கு எந்த மருத்துவர் என்ன எழுதினார், எழுதியதைப் படித்துவிட்டுக் கம்பெனி என்ன செய்தது, வாங்குகிறவனுக்கு என்ன சொல்லிற்று, என்ன சொல்லாமல் விட்டது — இவை காகிதத்திலே இருக்கின்றன. அந்தக் காகிதம் கம்பெனியின் பெட்டியிலே இருக்கிறது. பெட்டியின் சாவி கம்பெனியின் இடுப்பிலே இருக்கிறது.

பிரிட்டனிலே நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் 1985லே தடை செய்யப்பட்டன. வெள்ளைக் கல்நார் 1999லே. ஆனாலும், முன்பு குடித்த தூசிக்காக, ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் இந்த ஒரு நோயினாலே மட்டும் அந்நாட்டிலே மாண்டுகொண்டே வந்தார்கள்.

பணம் வழக்காடியது, பிணம் பார்த்திருந்தது

2017 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் லண்டன் உயர்நீதிமன்றத்திலே ஒரு வழக்கு ஆறு வாரம் நடந்தது. வாதி யார்? நோயுற்ற தொழிலாளியா? இல்லை. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள்! கல்நார்ப் பலகையை அறுத்துச் செத்த தொழிலாளிகளின் குடும்பங்களுக்கு, அவர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளின் சார்பிலே நட்டஈடு கட்டிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள். பிரதிவாதி, பலகையைச் செய்து விற்ற கேப். "ஆபத்து உனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லவில்லை, சொன்னதையும் வெட்டித் திருத்திச் சொன்னாய், ஆகவே நாங்கள் கட்டியதிலே உன் பங்கைக் கொடு" என்பது வாதியின் வழக்கு. "எல்லாம் சொன்னோம், எச்சரித்தோம், பொறுப்பு வேலைக்கு வைத்தவனுடையது" என்பது கேப்பின் பதில்.

பணத்துக்கும் பணத்துக்கும் வழக்கு. நடுவிலே கிடந்தது பிணம். பிணத்துக்கு அங்கே வக்கீல் இல்லை.

ஆனால், ஆறு வார விசாரணையிலே என்ன நடந்தது? பெட்டி திறந்தது! கம்பெனியின் பழைய காகிதங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களாக நீதிபதியின் முன்னே வந்தன. சாட்சிகளின் வாக்குமூலங்கள் வந்தன. நிபுணர்களின் அறிக்கைகள் வந்தன. தனித்தனியாக வழக்காடும் ஏழைக் கைம்பெண் எவளாலும் திரட்ட முடியாத சான்றுகளை, பணமூட்டைகள் ஒன்றோடொன்று மோதிய மோதல் வெளியே கொட்டிவிட்டது.

கொட்டியதும் என்ன ஆயிற்று? நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்தார். தீர்ப்பு வருமுன்பே கட்சிக்காரர்கள் ராஜியானார்கள். இவ்வளவு கொடு என்றான் ஒருவன், இந்தா என்றான் மற்றவன், முடிந்தது வழக்கு. தீர்ப்பு இல்லை. யார் குற்றவாளி என்ற சொல் இல்லை. காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். பெட்டியை மறுபடி பூட்டிவிடலாம்.

ராஜி என்பது இனிய சொல். இருவர் சண்டை தீர்ந்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், ராஜியிலே விலை போனது எது? பணத்தகராறு மட்டுமா? அந்த ஆறு வாரத்திலே வெளிப்பட்ட உண்மையும் சேர்ந்தல்லவா விலை போகவிருந்தது? அடுத்த ஆண்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவானே அடுத்த தொழிலாளி, அவன் முதற்பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். அவனுக்கு இருப்பதோ சில மாதத்து மூச்சு! இதே கேப் கம்பெனி மீது தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் ஆயிரக்கணக்கிலே தொடுத்த வழக்கை லண்டனிலேயே நடத்தலாம் என்று 2000லே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதுவும் விசாரணைக்கு வராமலே, 2003லே 75 லட்சம் பவுன் ராஜியிலே முடிந்தது. பெரிய கம்பெனிகளின் வழக்குகளுக்கு இது பழகிய பாதை.

மூன்றாமவர் தட்டிய கதவு

அப்போதுதான் எழுந்தது, கல்நார் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் குழுக்களின் கூட்டமைப்பு. அது வாதி அல்ல, பிரதிவாதி அல்ல, மூன்றாமவர். 2017 ஏப்ரலிலே நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது: "இந்த வழக்கின் காகிதங்கள் எங்களுக்கு வேண்டும். கலைத்துவிடாதீர்கள், கொடுத்துவிடாதீர்கள், நாங்கள் பார்க்கவேண்டும்."

விண்ணப்பத்தைக் கேட்ட மாஸ்டர் என்ற பதவியிலிருந்த நீதி அதிகாரி, முதலிலே காகிதங்களைக் காப்பாற்றி வைக்க உத்தரவிட்டார். இரு தரப்பும் பேசியதைக் கேட்டபிறகு, காகிதக் கட்டுகளிலே இருந்தவற்றைப் பெரும்பாலும் கொடுக்கச் சொன்னார். கம்பெனி சும்மா இருக்குமா? மேலே போயிற்று. 2018 ஜூலையிலே அப்பீல் நீதிமன்றம் அந்த அகன்ற வாசலைக் குறுக்கியது. 'நீதிமன்றப் பதிவேடு' என்றால் வழக்கின் எல்லாக் காகிதமும் அல்ல என்றது. ஆனாலும் வழக்குரை, வாக்குமூலம், நிபுணர் அறிக்கை, எழுத்து வாதம் இவற்றைக் கொடு என்றது. மற்றவற்றை விசாரணை நீதிபதியே பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. கம்பெனி இன்னும் மேலே போயிற்று.

2019 ஜூலை 29ல் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றத்திலே ஐந்து நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். எழுதியவர் ஹேல் அம்மையார், அந்த மன்றத்தின் தலைமை நாற்காலியிலே அமர்ந்த முதற்பெண்மணி. கம்பெனியின் அப்பீல் தள்ளுபடி!

அந்தத் தீர்ப்பின் சாரத்தை, சட்டநூல் தொடாத தோழருக்கும் விளங்கும்படி சொல்வோம்.

ஒன்று: பகிரங்க விசாரணை என்பது அரசனோ நீதிபதியோ போடும் பிச்சை அல்ல. நீதிபதி எப்படித் தீர்ப்பளிக்கிறார் என்பதை மக்கள் கண்காணிக்கவேண்டும். நீதிமுறை எப்படி நடக்கிறது, ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதை மக்கள் புரிந்துகொள்ளவேண்டும். இதற்காகத்தான் கதவு திறந்திருக்கிறது.

இரண்டு: இப்போதெல்லாம் வாதம் பாதி எழுத்திலே நடக்கிறது. ஆகவே காகிதம் பார்க்காமல் வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நீதிபதியின் முன்னே வைத்து விசாரணையிலே சுட்டிக்காட்டப்பட்ட ஆவணத்தை, நீதிபதி படித்தாரா இல்லையா என்ற ஆராய்ச்சி இல்லாமலே, கேட்பவருக்குக் காட்டுவதுதான் பொதுவழி. விதிப்புத்தகத்திலே எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்படிக் காட்டும் அதிகாரம் நீதிமன்றத்தின் உடன்பிறந்த அதிகாரம்.

மூன்று: ஆனால், கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல இது. ஏன் கேட்கிறாய், இதனாலே திறந்த நீதிக்கு என்ன நன்மை என்று கேட்பவர் சொல்லவேண்டும். எதிர்ப்பக்கத்திலே நாட்டின் பாதுகாப்பு, குழந்தைகளின் நலன், தனிமனிதரின் அந்தரங்கம், தொழில் இரகசியம் இவற்றை வைத்து நிறுக்கவேண்டும். தேடி எடுக்கும் செலவையும் தொல்லையையும் பார்க்கவேண்டும். விசாரணை நடக்கும்போதே கேட்பது நல்லது; காலம் கடந்தால் காகிதம் கலைந்துவிடும்.

கைதட்டத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். வழக்கு மறுபடி விசாரணை நீதிபதியிடம் போயிற்று. 2020 ஜூலையிலே அவர், எஞ்சிய கம்பெனிக் காகிதங்களைத் தர மறுத்துவிட்டார். நோயாளிகளுக்கு உதவவேண்டும், வருங்கால வழக்குகளுக்குப் பயன்படுத்தவேண்டும் என்ற நோக்கம் திறந்த நீதியின் நோக்கத்திலே அடங்காது என்பது அவர் முடிவு. அதாவது, நீதிபதி எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்கக் கேட்டால் கதவு திறக்கலாம்; என் தகப்பன் எதனாலே செத்தான் என்று தெரிந்துகொள்ளக் கேட்டால் கதவு திறக்காது! நீதியைப் பார்க்கலாம், நீதியினாலே பயனடைய எண்ணலாகாது! இந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது?

ஆனாலும், ஏற்கெனவே கிடைத்தவை கிடைத்தவைதான். வழக்குரையும் வாக்குமூலமும் நிபுணர் அறிக்கையும் எழுத்து வாதமும் கூட்டமைப்பின் கையிலே. அந்தப் பிடிப்பிலே நின்றுகொண்டு, மீசோதீலியோமா ஆராய்ச்சிக்கு ஒரு கோடி பவுன் கொடு என்று கம்பெனியைப் பார்த்துக் கேட்டது அது. கதவு முழுதும் திறக்கவில்லை; ஆனால் கால் வைத்துவிட்டார்கள். கால் வைத்த கதவைச் சாத்துவது கடினம்.

மன்றத்திலே படித்ததும் இரகசியமா?

இந்தக் கதவு இன்று நேற்றுத் தட்டப்பட்டதல்ல. 1641லே ஒழிக்கப்பட்டதே ஸ்டார் சேம்பர் என்ற அரசவை நீதிமன்றம், அதன் பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயன் இன்றும் முகம் சுளிப்பதற்குக் காரணம் என்ன? மன்னனின் விருப்பமே அங்கே நீதியாக இருந்தது என்ற நினைவுதான். 1913லே ஸ்காட் என்ற பெண்மணியின் வழக்கு வந்தது. மூடிய அறையிலே நடந்த தன் விவாக வழக்கின் நடவடிக்கைக் குறிப்பைப் பிரதியெடுத்து, கணவன் வீட்டாருக்கு அனுப்பிவிட்டார். தன் மானத்தைக் காத்துக்கொள்ளத்தான்! அவமதிப்பு என்றது கீழ்மன்றம். இல்லை என்றது பிரபுக்கள் சபை. நீதி பகிரங்கமாகத்தான் நடக்கவேண்டும், மூடுவது விதிவிலக்கு என்று அடித்துச் சொன்னது.

அடித்துச் சொன்ன அதே சபை, 1982லே என்ன செய்தது? வேக்பீல்டு சிறையிலே, கைதிகளைத் தனிமையிலே அடைத்து வாட்டும் பிரிவு ஒன்று இருந்தது. அதிலே அடைபட்ட கைதி ஒருவர் உள்துறை மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய வழக்கறிஞர் ஹாரியட் ஹார்மன். உள்துறையின் இரகசியக் காகிதங்கள் கோர்ட்டு உத்தரவின்படி அவர் கைக்கு வந்தன. திறந்த மன்றத்திலே உரக்கப் படிக்கப்பட்டன. ஊரார் கேட்கப் படித்த காகிதத்தை, கட்டுரை எழுதுவதற்காக ஒரு பத்திரிகையாளர் பார்க்கட்டும் என்று காட்டினார் ஹார்மன். குற்றம் என்றார்கள்! காதாலே கேட்கலாம், கண்ணாலே பார்க்கலாகாதாம்! மூன்று பிரபுக்கள் குற்றம் என்றனர், இரண்டு பிரபுக்கள் இல்லை என்றனர். மூன்று இரண்டை வென்றது.

ஹார்மன் சோர்ந்துவிட்டாரா? ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அரசாங்கம் இறங்கிவந்து சமரசம் பேசியது. 1987லே விதி மாறியது: திறந்த மன்றத்திலே படிக்கப்பட்ட, சுட்டப்பட்ட ஆவணத்துக்கு, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, அந்தப் பழைய பூட்டு இல்லை. குற்றவாளி என்று பெயர் வாங்கிய ஹார்மன் அதே 1982லே நாடாளுமன்றம் சென்றார். பின்னாளிலே அமைச்சரும் ஆனார். இன்று அந்த மூன்று பிரபுக்களின் தீர்ப்பை எவரும் கொண்டாடுவதில்லை.

மூன்று ஆட்சேபனைகள்

எதிர்ப்பக்கத்தார் சொல்வதையும் எடுத்துவைப்போம். அதுதான் பகுத்தறிவாளன் பண்பு.

"சட்டம் கட்டாயப்படுத்தியதாலே எதிரிக்குக் காட்டினோம்; ஊருக்குக் காட்டவா காட்டினோம்?" என்பார்கள். பெட்டியிலேயே தங்கிவிட்ட காகிதத்துக்கு இந்த வாதம் பொருந்தும், ஒப்புகிறோம். எதிரிக்குக் கொடுத்ததை எல்லாம் அவன் தெருவிலே விற்கலாம் என்றால் எவனும் உண்மையான காகிதத்தைக் கொடுக்கமாட்டான். ஆனால், நீதிபதியின் முன்னே வைத்து, "இதைப் பார்த்துத் தீர்ப்பளியுங்கள்" என்று சொன்ன கணமே அது தனியார் காகிதம் அல்ல. தீர்ப்பு என்ற வீட்டுக்கு அது அஸ்திவாரம். வீடு பொது வீடாக இருக்கும்போது அஸ்திவாரம் மட்டும் அந்தரங்கமாக இருப்பது எப்படி?

"இரகசியம் காக்கப்படவேண்டியதில்லையா?" என்பார்கள். வேண்டும்! சீரழிக்கப்பட்ட குழந்தையின் பெயர் வெளிவரலாகாது. நோயாளியின் மருத்துவச் சீட்டை ஊரார் புரட்டலாகாது. அந்தச் சீட்டு நம் தொழிலாளியின் சீட்டாகவும் இருக்கலாம். முதலாளி அதைப் பார்த்து வேலையைவிட்டு நிறுத்தலாம். ஆகவே அந்த மறைவு நமக்கும் கவசம். ஒரு கம்பெனியின் செய்முறைச் சூத்திரத்தைப் போட்டிக் கம்பெனி திருடலாகாது. ஆனால், ஒரு வரியை மறைக்க ஒரு வரியிலே மை பூசு. அதற்காக ஒரு புத்தகத்தையே புதைக்காதே! தூசி கொல்லும் என்பது தொழில் இரகசியமா? அது தொழிலாளியின் உயிர் இரகசியமல்லவா? அதை அறியவேண்டியவனிடமிருந்தே மறைப்பதற்குப் பெயர் வியாபாரம் அல்ல.

"செலவு, தொல்லை, நேரம்" என்பார்கள். கேட்பவர் நியாயமான செலவைக் கொடுக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. விசாரணை நடக்கும்போதே கேட்டால் தொல்லையும் குறைவு. கட்டு நீதிபதியின் மேசைமீதே இருக்கிறதே, அதை இன்னொரு கண்ணும் பார்த்தால் மேசை தேய்ந்துவிடுமா?

நம் மன்றங்களின் நிலை

நம் நாட்டுப் பக்கம் வருவோம். 'பிளிட்ஸ்' ஏட்டின் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்திலே நடந்தபோது, தன் சாட்சியம் பத்திரிகையிலே வந்தால் வியாபாரம் கெடும் என்றார் ஒரு சாட்சி. வெளியிடாதே என்று வாய்மொழியாக உத்தரவிட்டார் நீதிபதி. பத்திரிகையாளர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். 1966லே ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து கேட்டனர். பகிரங்க விசாரணையின் பெருமையைப் பெரும்பான்மையோர் வானளாவப் பேசினர், பேசிவிட்டு, நீதிக்குத் தேவையானால் மூடும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு என்றனர், மனு தள்ளுபடி. ஹிதயத்துல்லா மாறுபட்டு எழுதினார்.

2005லே தகவல் உரிமைச் சட்டம் வந்தது. தகவல் கேட்பவனிடம் காரணம் கேட்காதே என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் வழக்குக் காகிதத்தின் நகலை மூன்றாமவர் கேட்டால்? குஜராத் உயர்நீதிமன்ற வழக்கிலே 2020 மார்ச் 4ல் உச்சநீதிமன்றம் விடை சொன்னது: தகவல் உரிமைச் சட்டத்தின் வழியிலே வராதே; உயர்நீதிமன்ற விதிகளின் வழியிலே வா; காரணத்தை எழுதி மனுக் கொடு. ஒரு சட்டம் காரணம் கேளாதே என்கிறது. ஒரு விதி காரணம் சொல் என்கிறது. எந்த வாசல் எளிது, எந்த வாசல் அரிது என்று தோழர்களே முடிவு செய்யலாம்.

மூன்றாமவர் நிலைதான் இப்படியா? வழக்குத் தொடுத்தவனுக்கே காட்டாத காகிதமும் உண்டு. உறையிலிட்டு முத்திரை வைத்து அரசாங்கம் நீதிபதியிடம் மட்டும் நீட்டும், நீதிபதி மட்டும் படிப்பார், எதிர்த்தவன் தோற்பான், எதனாலே தோற்றான் என்று அவனுக்கே தெரியாது! மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த வழக்கிலே அதுதான் நடந்தது. 2023 ஏப்ரல் 5ல் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. முத்திரையிட்ட உறை முறை இயற்கை நீதிக்கு விரோதமானது என்று கண்டித்தது. நல்ல தீர்ப்பு. உறை கிழிந்தது. ஆனால் கட்டு இன்னும் அவிழவில்லை.

கல்நாரைப் பற்றியும் நம் உச்சநீதிமன்றம் பேசியிருக்கிறது. 1995 ஜனவரி 27ல், கல்நார் ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையைவிட்டு நின்றபின் 15 ஆண்டுகள், இரண்டிலே எது பிந்தியதோ அதுவரை காத்து வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஏன் 40 ஆண்டு? நாற்பது ஆண்டு பதுங்கியிருக்கும் நோய்க்கு நாற்பது ஆண்டு வாழும் காகிதம்தான் சாட்சி என்பதை மன்றமே அறிந்திருந்தது! பிரிட்டனைப் போன்ற முழுத்தடை நம் நாட்டிலே வந்தபாடில்லை. கூரை இருக்கிறது, ஆலை இருக்கிறது, தூசி இருக்கிறது. காகிதம் இருக்கிறதா? எந்தப் பெட்டியிலே?

செய்யவேண்டியது என்ன?

உணர்ச்சி மட்டும் போதாது. உருப்படியான வேலையும் வேண்டும். சங்கத் தோழர்கள் மூன்று காரியங்களை மனத்திலே கொள்ளவேண்டும். முதலாவது, தொழில்நோய் பற்றியோ, விபத்து பற்றியோ, நச்சுக்கழிவு பற்றியோ ஒரு வழக்கு நடக்கிறதென்றால், அது நம் வழக்காக இல்லாவிட்டாலும் அங்கே ஒரு தோழர் உட்காரவேண்டும். எந்தத் தேதியிலே எந்த ஆவணம் சுட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது, வழக்கு நடக்கும்போதே, ராஜி வருமுன்பே, நகலுக்கு மனுப் போடவேண்டும். காரணத்தைத் தெளிவாக எழுதவேண்டும். கண்டதையெல்லாம் கேட்காமல், வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். சீமையிலே அந்தக் கூட்டமைப்பு வழக்கு முடிந்தபின் ஓடிவந்து பட்ட பாடு நமக்குப் பாடம். மூன்றாவது, நம் பெட்டியையும் நாம் காக்கவேண்டும். வேலைச் சீட்டு, சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே — அடுப்பெரிக்கும் காகிதமல்ல இவை. நாற்பது ஆண்டு கழித்துப் பேசப்போகும் சாட்சிகள்.

சட்டம் இயற்றுவோருக்கும் ஒரு சொல்: திறந்த மன்றத்திலே சுட்டப்பட்ட ஆவணம் திறந்த ஆவணம் என்று விதி எழுதுங்கள். மறைக்கவேண்டும் என்பவன் காரணம் சொல்லட்டும். பார்க்கவேண்டும் என்பவனைக் காரணம் கேட்டு வாட்டாதீர்கள்.

சிலம்பின் கதை தமிழனுக்குப் புதிதல்ல. கோவலன் கொலையுண்டது எதனாலே? பொற்கொல்லன் சொன்னதை மன்னன் கேட்டான். சிலம்பைப் பார்த்துச் சொன்னவனும் அவனே, சாட்சியும் அவனே. சபை பார்க்கவில்லை, ஊர் பார்க்கவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை. கண்ணகி அந்த விசாரணையிலே கட்சிக்காரி அல்ல; மூன்றாமவள்! வந்தாள், வாயிற்காவலன் தடுத்து நிறுத்திவிட முடியவில்லை, மன்னவன் முன்னே, மன்றத்தார் காண, சிலம்பை உடைத்தாள். முத்து இல்லை, மாணிக்கம் தெறித்தது. உண்மை தெறித்தது. மூடிக் கிடந்தவரை அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்றாகத்தான் தோன்றின. உடைத்த பிறகுதான் எது எவருடையது என்று தெரிந்தது.

கட்டுக்குள்ளே கிடக்கும் காகிதமும் அப்படியே. மூடிக் கிடக்கும்வரை முதலாளியின் சொல்லும் தொழிலாளியின் சொல்லும் வெறும் சொற்கள். அவிழ்த்துப் பார்த்தால்தான் பரல் தெறிக்கும். அவிழ்க்கச் சொல்லிக் கேட்போம், அஞ்சாமல் கேட்போம், அடுத்த தொழிலாளியின் மூச்சு அடங்குமுன் கேட்போம்!